நீங்களும் எழுந்திருங்க

"பிரெண்டா, உங்க வீடு அந்தச் சந்துலதான இருக்கு? அப்ப இது உங்க சொந்த விஷயம். ஓட்டு முடியிற வரைக்கும் வெளிய இருங்க."

லஸ்கோம் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்கள் ஊர் கவுன்சிலின் தலைவன். அந்தச் சந்து வழியாகக் கல்குவாரிக்கு லாரி விட அனுமதி கேட்டிருப்பது அவனுடைய மருமகன்.



நடைபாதை இல்லாத சந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலியை ஒட்டி ஒட்டி நடக்கிறார்கள். போன மாதம் வழி பார்க்க வந்த ஒரே ஒரு லாரி, பக்கத்து வீட்டு டில்லியின் தோளெலும்பை உடைத்துவிட்டுப் போனது.

எங்கள் கவுன்சிலுக்கு என்ன பெரிய அதிகாரம்? பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிப்போம், புல் வெட்டுவோம். ஆனால் நாங்கள் ஆட்சேபித்தால் மனு மாவட்டக் குழுவின் முன் போயாக வேண்டும். வாய் மூடிக்கிடந்தால் அங்கே ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார். ஆட்சேபம் அனுப்பக் கடைசி நாள் நாளை.

கவுன்சிலர்கள் ஏழு பேரில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். லஸ்கோமையும் என்னையும் விட்டால் மேவிஸ், ஆர்தர். இருவரும் என் பக்கம்.

மருமகன் விஷயத்தில் மாமனார் மட்டும் எப்படி உட்காரலாம் என்று கேட்டேன். விதிப்படி மனைவியின் விஷயம்தான் சொந்த விஷயமாம், மருமகனுடையது இல்லையாம்.

"விதிய விடுங்க. வெக்கம்னு ஒண்ணு இருந்தா நீங்களும் எழுந்திருங்க."

செயலர் ஹேசல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ சும்மா இரு என்று அடக்கினேன்.

லஸ்கோம் எழுந்துவிட்டான். சண்டை போடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே கூட்ட அறையை ஒட்டிய சமையலறைக்கு வந்தான்.

உள்ளே இரண்டு பேர், இரண்டும் நம் ஓட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனால் போகிறதென்று அவனுக்கும் ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அவன் பாதி குடிப்பதற்குள் ஹேசல் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள ரெண்டு பேர்தான் இருக்காங்க, பிரெண்டா. மூணு பேராவது இல்லாம எதையும் தீர்மானிக்க முடியாது. ஆட்சேபம் அனுப்ப வழியில்ல."

இன்னொரு கூட்டம் போட மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

நான் லஸ்கோமைப் பார்த்தேன். அவன் மீதியையும் நிதானமாகக் குடித்தான். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தான். நான் வெளியே போவதற்காக வாசல் கதவை மரியாதையாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.