வெந்நீருக்குக் காத்திருந்த ஹீட்டர்

பழைய காரின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கழற்றியதும் ஹீட்டர் இருமித் துருவைத் துப்பியது.

"அண்ணே, இந்த ஊர் வெயில்ல உங்கள யாரு கேட்டது?" என்றது பெஞ்சில் கிடந்த ஹாரன்.

"கேக்காமலா கழட்டினாங்க? ஒரே ஒருநாள் என்ஜின் வெந்நீர் உள்ள வரட்டும். எல்லாருக்கும் வேர்க்க வைக்கிறேன்."

"இப்பவே வேர்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

மெக்கானிக் துருவைச் சுரண்டி, ஓட்டையைப் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தார். காரின் சொந்தக்காரர் வந்து ஹீட்டரைத் தடவிப் பார்த்தார்.

"இது இல்லன்னா பழைய கார் கண்காட்சியில வண்டிய ஒரிஜினல்னு ஒத்துக்கமாட்டாங்க."

"கேட்டியா?" என்றது ஹீட்டர். "நான் இல்லன்னா வண்டியே இல்லியாம்!"

"வெந்நீர் வரட்டும் அண்ணே," என்றது ஹாரன்.

மெக்கானிக் ஹீட்டரைப் பழைய இடத்தில் வைத்துத் திருகினார். பிறகு என்ஜினிலிருந்து வந்த வெந்நீர்க் குழாயை அதற்குக் கொடுக்காமல், வளைத்து என்ஜினிலேயே மாட்டி, கிளிப்பை இறுக்கினார்.