செவ்வாய்க்கிழமை நாற்காலி

நாற்காலியைப் பார்த்ததும் லூஷியஸுக்கு வந்த பசி வந்த வழியே போய்விட்டது.

மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மூன்று ஒரே மாதிரி. நான்காவதின் முதுகுச் சாய்மானத்தில் மட்டும் கீழ்க்கட்டைகள் இரண்டைக் காணோம். அதைத்தான் வீட்டுக்காரி திருமதி பென்ஹாலோ அவனுக்காக இழுத்துப் போட்டாள்.

அமெரிக்காவில் அவன் ஊரான ஜார்ஜியாவில், கறுப்பன் என்பதால் அவனுக்குத் தனி வாசல், தனித் தகரக் குவளை. அமெரிக்கப் பட்டாளத்தில் தனி முகாம், தனிச் சாப்பாட்டுக்கூடம். இந்த இங்கிலாந்துக் கிராமத்துக்குள் வருவதற்கும் கறுப்புச் சிப்பாய்களுக்குச் செவ்வாய், வெள்ளைச் சிப்பாய்களுக்குப் புதன். ஜெர்மன்காரன் குண்டு மட்டும்தான் கிழமை பார்ப்பதில்லை.

வெள்ளைக்காரர் வீட்டு மேசைக்கு அவனை ஒருவர் அழைத்தது இதுவே முதல் தடவை. சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். இங்கேயும் தனி நாற்காலிதானா?

பதில் சரியில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டான்.

"எனக்கு மட்டும் ஏம்மா இந்த நாற்காலி?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. கணவர் தேநீர்க் கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காத தம்பி. உங்களுக்கெல்லாம் வால் உண்டுன்னு புதன்கிழமைப் பசங்க சொன்னாங்க. உக்காந்தா நசுங்கி வலிக்குமேன்னு இவர்தான் நேத்து ரம்பத்தால அறுத்தாரு."

லூஷியஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

இவள் கதவைச் சாத்தட்டும் என்றுதான் அவர்கள் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தார்கள். இவளோ கதவையும் திறந்து, நல்ல நாற்காலியையும் அறுக்க வைத்திருக்கிறாள். அவனுடைய அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு வலிக்குமே என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

உட்கார்ந்தான். அவள் ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துச் செய்த கேக்கில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எங்களுக்கு வால் இல்லம்மா. அவங்களுக்குத்தான் இருக்கு. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு பூட்ஸுக்குள்ள சுருட்டி வச்சிருப்பாங்க. கேட்டுறாதீங்க, மனசு கஷ்டப்படும்."

மறுநாள் புதன்கிழமை. வெள்ளைச் சிப்பாய்களை ஊரே அன்பாக வரவேற்றது. யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

எல்லோர் கண்ணும் ஏன் தங்கள் பூட்ஸ் மேலேயே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.