அசையாமல் நில்லுங்க

பஸ்தியானின் படப்பெட்டிக்குள் பிலிம் இல்லை. கற்பிட்டிக்கு அவர் குடிவந்த நாளிலிருந்தே இல்லை.

ஆனாலும் பின்னேரமானால் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கண்டவரையெல்லாம் நிறுத்தி, "அசையாமல் நில்லுங்க!" என்று அதட்டி, 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். படம் கொழும்பில் கழுவி வருமென்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்பார்.

ஒரு படம்கூட வந்ததில்லை. வந்ததெல்லாம் கதைகள்தான்.

"அண்ணே, எங்கட படம் எங்க?" என்று விடாமல் கேட்பாள் அடுத்த வீட்டு வளவு ஹவ்வா உம்மா.

"ஏன் கேக்கிறீங்க தங்கச்சி! பாலாவிக்கு இங்கால தபால் லொறிய ஆனை மறிச்சுப் போட்டுது. மூட்டையப் பிரிச்சு, உங்கட படத்தை மட்டும் தும்பிக்கையால எடுத்து, வடிவாப் பாத்துப்போட்டுக் காட்டுக்குள்ள கொண்டு போயிட்டுதாம்."

"போன மாசமும் ஆனைதானே கொண்டு போச்சி?"

"அது தாய். இது குட்டி."

"பாருங்களன், குட்டிக்கும் எங்கட மொகம் புடிச்சிப் போச்சி!" என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் பதியுதீன் விழுந்து விழுந்து சிரிப்பார். தோணிக்காரர், சிரிப்பும் கடற்காற்று மாதிரிப் பெரிசு. தேத்தண்ணி வரும். கூடவே ஒரு துண்டு தொதல் இனிப்பும் வரும். பொழுது இருட்டும்வரை கதை ஓடும்.

அந்தக் கதைக்காகத்தான் பஸ்தியான் இத்தனை பொய்யையும் சுமந்தார்.

சிலாபத்தில் மனைவி கத்தரினா உயிரோடு இருந்தபோது அவர் எடுத்தது உண்மைப் படங்கள். எடுத்து எடுத்துச் சும்மாவே கொடுப்பார். வீட்டில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அவள் போனாள். உலகச் சண்டை வந்தது. கடைகளில் பிலிம் இல்லாமல் போனது. பழகிய தெருவைப் பார்க்கப் பொறுக்காமல் இங்கே ஒரு சின்ன வீட்டுக்கு வந்தவருக்கு, பகல் முழுக்கக் கேட்டதெல்லாம் தன் இருமல் சத்தம் மட்டும்தான். ஒரு பல்லிக்குப் பெயர் வைத்துக் கதைத்துப் பார்த்தார். அதுவும் அலுத்துப்போய் வேறு கூரைக்குக் குடிபோய்விட்டது.

பெட்டியைத் தூக்கினால்தான் மனிதர் கிட்ட வந்தார்கள்.

ஒரு வழியாகச் சண்டை முடிந்தது. புத்தளத்துக் கடையொன்றுக்குப் பிலிம் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸில் போய் ஒரு சுருள் வாங்கி வந்தார்.

'இண்டைக்கு ஒரு உண்மைப் படம் எடுத்துக் கையில குடுத்திடோணும். எண்டைக்காவது என்ட கள்ளம் பிடிபட்டா, ஹவ்வா உம்மாட படலை எனக்குத் திறக்காது. பிறகு நான் ஆரோட கதைக்கிறது?'

கத்தரினாவின் பழைய சேலையை விரித்து வெளிச்சம் மறைத்துப் பிலிமைப் பூட்டினார். 

பின்னேரம் போனபோது பதியுதீன் வழக்கம்போலக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். ஹவ்வா உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கூப்பிடாமலே அவர்கள் வீட்டு ஆடும் வந்து நின்றது.

"இண்டைக்கு ஆனைக்குக் குடுக்கமாட்டன் தங்கச்சி. அசையாமல் நில்லுங்க!"

பஸ்தியான் குனிந்து, பெட்டியில் பிலிமைச் சுற்றும் சாவியைத் திருகினார்.

கிர்ர்... கிர்ர்...

"அல்லாஹ்!" என்று கத்திய ஹவ்வா உம்மா, முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன, பாம்பா?" பஸ்தியான் தன் காலடியைப் பார்த்தார்.

பதியுதீனும் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, உள்ளுக்குப் பிலிமா இரிக்கி?"

"ஓம்... ஏன்?"

"நாங்க உருவப் படம் புடிக்க நிக்கிறதில்லியே. எங்கட வாப்பா காலத்தில இரிந்தே அது எங்களுக்கு ஆகாது."

"அப்ப... இவ்வளவு காலமும் நிண்டீங்களே?"

பதியுதீன் வலையை எடுத்து வைத்துக்கொண்டார். சங்கடம் அவருக்குத்தான்.

"கொழும்புத் தொறமொகத்துல வெள்ளக்காரன் படம் புடிக்கிறத எத்தின தரம் பாத்திரிக்கேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒருக்காச் சாவியத் திருகுவான். நீங்க ஒரு நாளும் திருகல்லியே அண்ணே. மொத நாளே வெளங்கிட்டு. ஊருக்கே தெரியும்."

பஸ்தியானுக்குக் காது இரண்டும் சுட்டது. தாய் ஆனையும் குட்டி ஆனையும் வரிசையாக வந்து முகத்தில் மிதித்தன. பெட்டியைத் தோளில் போட்டார். இனி இந்த வாசலுக்கு எந்த முகத்தோடு வருவது?

"தெரிஞ்சுகொண்டுமா படம் எங்க, படம் எங்க எண்டு கேட்டீங்க?"

சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மாவின் குரல் வந்தது.

"கேக்காட்டி நீங்க வருவீங்களா? வந்த புதுசில வெறுங்கையோட எங்கட படல வரைக்கும் வருவீங்க, கூப்பிட முன்னமே திரும்பிப் போயிருவீங்க. நான் ஜன்னலால எத்தின தரம் பாத்திரிக்கேன்! போய்ப் பெட்டிக்குள்ள இரிக்கிறதக் கழட்டி வெச்சிட்டு வாங்கொ அண்ணே. தேத்தண்ணி ஆறப் போகுது, நான் வந்து நிக்கிறேன்."