பதினோரு நாற்காலி

“இந்த மண்டபத்தில் பேச்சுக்கு இடமில்லை, இசைக்கே இடம்!” என்று முழங்கிய பேராசிரியர், நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வரிசை ஓரத்தில் இருந்த மயூரதன் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலரை. இசைவிழா மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள்.

கொக்குவிலில் எண்பது வருடமாக நிற்கிற சபை மண்டபம். நானூறு பேர் கொள்ளும். மைக் இல்லாமலே கடைசி வரிசை வாங்குவரை பாட்டு தெளிவாகக் கேட்கும் என்று பெயர். அந்தப் பெருமையைத்தான் மேடையில் நாற்காலி போட்டு இருந்த பதினோரு பேரும், ஒருவர் மாறி ஒருவர், மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

“தம்பி எவடம்?” பக்கத்துக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் நடராசா கேட்டார்.

“அளவெட்டி, ஐயா.”

“அங்கை இல்லாத சங்கீதமோ? இஞ்சை வந்து ஏன் காயிறீர்?”

“சின்னனிலை அப்பாவோடை வந்து உந்த வாசல்லை நிண்டிருக்கிறன். டிக்கற் கிடைக்கேல்லை. இந்தக் கூரைக்குக் கீழை ஒரு முழுக் கச்சேரி... பன்னிரண்டு வருசத்து ஆசை, ஐயா.”

நடராசா மனமிரங்கி ஒரு சோடாப் போத்தலை நீட்டினார். ஐஸில் வைத்து எடுத்தது.

“குளிர் வேண்டாம், ஐயா.” மயூரதன் பிளாஸ்கைத் திறந்து சுடுதண்ணீரில் ஒரு மிடறு குடித்தான்.

“ஆர் பாடுறது? பேச வாற ஆக்களின்ரை படம்தான் கிடக்கு!” நடராசா நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடியிலை, அச்சகத்தின்ரை பேருக்கு மேலை போட்டிருக்கு.”

“உந்தப் பொடி எழுத்தோ? கண்ணாடி கொண்டரேல்லை.”

திரைக்குப் பின்னால் மிருதங்கம் ஒருதரம் சுருதி பார்த்துவிட்டு அடங்கியது. மேடையில் பொன்னாடை தொடங்கியது. பதினோரு பேருக்கும் போர்த்தினார்கள். பிறகு, போர்த்தியவர்களுக்கும் போர்த்தினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு ஏணியும் பிளாஸ்ரிக் பூக்களுமாக நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஆறு மணிக்கு மண்டபம் ஒரு கலியாண வரவேற்புக்குக் கொடுபட்டிருந்தது.

நடராசா எழும்பினார். “இனியெங்கை பாட்டு! வாரும் தம்பி, போவம்.”

மயூரதன் எழும்பவில்லை. அழுகை வராத குறைதான். தலைமை தாங்கிய இராசநாயகம் மூன்று பொன்னாடையோடும் மேடையை விட்டு இறங்கி, நேரே அவனிடம் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“குறை நினையாதேங்கோ தம்பி, ஏறி மங்களத்தை மட்டும் பாடி விடுங்கோ!”