இருந்துட்டுப் போகட்டும்

"அந்த ஆளை அங்கேருந்து தூக்கப் போறீங்களா, இல்லையா?"

தையல்கடைக்காரி மறுபடியும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். ஏட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணாரு?"

"கத்துறாரு. கல்லெடுத்து எறியறாரு. கடைக்கு ஆளே வரமாட்டேங்குது."

கல்லா? டார்ச்சுக்காரரா?

இப்போது கடைவீதி இருக்கும் இடத்தில், ஏட்டு சின்னப் பையனாக இருந்தபோது சினிமா தியேட்டர் இருந்தது. இருட்டில் தடுமாறுகிறவர்களை டார்ச் அடித்து இருக்கையில் உட்கார வைத்தவர் அவர். கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டு அழுத ஏட்டைக்கூட, "வெளிச்சத்து மேலயே காலை வெச்சு வாடா ராஜா, அம்மா வந்துரும்" என்று கூட்டிப்போனார். அந்தக் குரல் இன்னும் ஏட்டின் காதிலேயே இருக்கிறது.

தியேட்டரை இடித்தார்கள். அவருக்குப் புத்தி பிசகியது. எங்கெங்கோ அலைந்துவிட்டு, பழைய இடத்துக்கே வந்து கடைப் படிக்கட்டில் படுத்துக்கொண்டார். போகிற வருகிறவர்களிடம், "பார்த்து, படி இருக்கு" என்பார்.

ஒருத்தர் டீ கொடுப்பார், ஒருத்தர் பழைய சட்டை. அவரைப் பார்த்தாலே எல்லோருக்கும் சின்ன வயசு திரும்பிவிடும். "பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்பார்கள்.

நேற்று வந்த இந்தத் தையல்கடைக்காரிக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகவில்லை.

அவள் இன்ஸ்பெக்டர் வரை போய்விட்டாள். "மனநல ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வாய்யா, தலைவலி விட்டுச்சு" என்று உத்தரவு வந்தது.

ஏட்டு கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் ஏற்றினார். பெரியவர் திமிறினார். "படம் முடியலை! படம் முடியலை!" என்று கத்தினார். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார்.

"கால் இவ்வளவு அழுகியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எடுத்தே இருக்கணும். அந்தத் தெருவுல யாருமே இவரைப் பார்க்கலையா?"

தினமும்தான் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டே ஏட்டு கதவைத் தள்ளினார்.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் தையல்கடைக்காரி.

"இங்கயும் வந்துட்டியா? ஒழிஞ்சாரான்னு பார்க்கணுமா உனக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பெரியவரோட பொண்ணு நீங்கதானே? உள்ள வாங்கம்மா."

ஏட்டு திகைத்தார். "நீ... அவர் பொண்ணா?"

"ஆமா சார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு. என்னையே யாருன்னு தெரியலை அவருக்கு. கண்ணுல வெச்சுக்கலாம்னுதான் அங்க கடையே போட்டேன்."

"ஸ்டேஷன்ல இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"கடை போடறதுக்கு முன்னயே, உங்களுக்கு முன்னாடி இருந்த ஏட்டுகிட்ட சொன்னேன் சார். 'உங்க அப்பான்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, இதுக்கெல்லாம் போலீஸ் வராது'ன்னுட்டாரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொண்ணா வந்து அழுதப்போ யாரும் அசையலை. கடைக்காரியா வந்து கத்தினேன், வண்டியே வந்துடுச்சு."