விளிம்பு வரை வந்த கோடுகள்

இருபது கட்டம் அகலமுள்ள ஒரு வரைபடத்தாள் மேசையில் இருந்தது. இரண்டு சமன்பாடுகளுக்குப் பொதுவான விடையைத் தேடிப் பென்சில் அதன் மேல் இரண்டு கோடுகள் போட்டது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் விடை. ஆனால் இரண்டும் வெட்டிக்கொள்ளாமலே விளிம்புக்கு வந்துவிட்டன.

“இதுங்க சேராதுண்ணே. தீர்வு இல்லைன்னு எழுதிடறேன்” என்று பென்சில் அளவுகோலிடம் பரபரத்தது. பென்சிலால் ஓரிடத்தில் நிற்கவே முடியாது.

“எழுது, எழுது! என் மேல இல்லாதது எங்கேயும் இல்லை” என்று தாள் படபடத்தது.

“பொறு தம்பி” என்றது அளவுகோல். “இடது ஓரத்துல இடைவெளி அஞ்சு கட்டம். வலது ஓரத்துல ஒரே கட்டம். நெருங்கித்தானே வருது? நீ இல்லைன்னு எழுதிட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க.”

“அதுக்கு என்ன செய்யறது?”

“இன்னொரு தாளை ஒட்டிப் பார்ப்போம்.”

“என் பக்கத்துல இன்னொண்ணா?” காற்றே இல்லாமல் தாள் துடித்தது. “நான் போதாதா?”

பசைப்புட்டி வந்தது. புதுத் தாள் ஒட்டப்பட்டது. பென்சில் அளவுகோலை ஒட்டியே கோடுகளை நீட்டிக்கொண்டு போனது. மூன்று கட்டம், நான்கு கட்டம். ஐந்தாவதில் இரண்டும் வெட்டிக்கொண்டன. பென்சில் அந்தப் புள்ளியின் மேல் அசையாமல் நின்றது.

பழைய தாள் மெல்லச் சொன்னது: “ஓரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுங்க. பிரிஞ்சிடப் போகுது.”