அய்யாவின் ஞாபகம்

"எந்த வார்டும்மா?" என்று அய்யா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஆமத்தூர் வார்டு அய்யா" என்றாள் பானுப்பிரியா, முதல் முறை சொல்வதுபோல.

விருதுநகர் கட்சி ஆபீசில் நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் யாருக்கு சீட்டு என்பதை மாவட்டச் செயலாளர் சீனிவாசகம் அய்யாதான் முடிவு செய்வார். வயது எண்பத்து மூன்று. முக்கியமான முடிவுகளைப் பெரும்பாலும் தூக்கத்தில்தான் எடுப்பார்.

வெளியே காத்திருந்தவர்கள் அவளிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அய்யா எத்தனை தடவை கேட்டாலும் புதிதாகக் கேட்டதாகவே நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். அய்யாவைத் திருத்தியவனுக்கு சீட்டும் கிடையாது, கட்சியும் கிடையாது. அய்யா என்ன செய்கிறாரோ அதையே மற்றவர்களும் செய்ய வேண்டும்.

போன மாதம் தாயில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அய்யா, மைக்கைப் பிடித்து இரங்கல் உரை ஆற்றிவிட்டார். மாப்பிள்ளை, பெண் உட்பட மண்டபமே எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. சாம்பார்தான் ஆறிப்போனது.

அய்யாவின் காதோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சபரிநாதன். சொந்த ஊர் ஆமத்தூர், சிவகாசியில் பெரிய பிரஸ் முதலாளி. வருகிறவன் பெயர், ஊர், அவன் மாமனார் போன தேர்தலில் யாருக்கு வேலை பார்த்தார் என்பது வரைக்கும் அய்யாவின் காதில் ஓதுவார். 'அய்யாவோட ஞாபகமே நான்தான்' என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தனி சந்தோஷம். அந்த ஞாபகத்தை வைத்து ரோடு கான்ட்ராக்டும் எடுத்திருந்தார்.

பானுப்பிரியாவைப் பார்த்தபோது மட்டும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாரும்மா நீ?" என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் ஓதினார்.

ஆமத்தூர் வார்டு இந்த முறை பெண்களுக்கு. சபரிநாதனின் மனைவி பொன்னுத்தங்கமும் மனு கொடுத்திருந்தார். நேர்காணலுக்கு வரவில்லை. தலைவலியாம்.

பானுப்பிரியாவுக்கு அந்த சீட்டு வேண்டும். அவள் அப்பா சங்கையா சாகும்வரை இந்தக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினார். ஒரே ஒருமுறை இதே அறைக்கு வந்து சீட்டுக் கேட்டார். 'அடுத்த தடவ பாப்போம்' என்றார் அய்யா. அப்பாவின் சாவுக்குக் கட்சியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை.

அய்யா திடீரென்று எழுந்தார். பாத்ரூம். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பின்வாசல் வழியே அழைத்துப் போனார்கள்.

சபரிநாதன் திரும்பினார். "ஏம்மா, சும்மாதான நிக்க? அய்யா பக்கத்துல கெடக்க டம்ளர எல்லாம் எடுத்து ஓரமா வையி."

சீட்டுக் கேட்டு வந்தவளுக்கு இந்த வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

அய்யா திரும்பி வந்தது முன்வாசல் வழியாக. சீட்டுக் கேட்பவர்கள் வருகிற வாசல் அது. எதிரே மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம், பெரிய நாற்காலியை ஒட்டி, கட்சிக் கரை போட்ட சேலையில் ஒரு பெண்.

அய்யாவின் முதுகு வளைந்தது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"தலைவரே, நாப்பது வருசமாக் கொடி பிடிக்கேன். செவரு செவரா போஸ்டர் ஒட்டிருக்கேன். இந்த ஒரு தடவ எனக்குக் குடுங்க."

சபரிநாதன் முகத்தில் ஈயாடவில்லை.

பானுப்பிரியாவின் அப்பா அன்று சொன்னதும் இதே வார்த்தைகள்தான். தனக்கு வருவது கோபமா, பரிதாபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அய்யாவைத் திருத்தக் கூடாது என்றுதானே சொல்லி அனுப்பினார்கள்?

கையிலிருந்த எச்சில் டம்ளர்களைக் கீழே வைத்தாள். மேஜைமேல் குவிந்து கிடந்த பொன்னாடைகளில் ஒன்றை உருவி அவருக்குப் போர்த்தினாள். "குடுத்தாச்சு. போஸ்டர் ஒட்டுனவுகளுக்குத்தான் இந்தத் தடவ சீட்டு."

அய்யா கண்கலங்கி அவள் காலில் விழுந்தார்.

அய்யா விழுந்த பிறகு நிற்பதற்கு யாருக்குத் துணிச்சல்? ஒன்றியச் செயலாளர் விழுந்தார். மகளிரணி மொத்தமாக விழுந்தது. சபரிநாதன் இடமும் வலமும் பார்த்தார். நின்றுகொண்டிருப்பது தான் ஒருவர்தான் என்று தெரிந்ததும், தொப்பை தரையில் இடிக்க அவரும் விழுந்தார்.

கேமரா மின்னியது. செய்தி எடுக்க வந்திருந்த நிருபர்.

"அண்ணாச்சி, யாரு இந்தம்மா? அய்யாவே கால்ல விழுறாக?"

சபரிநாதன் படுத்தபடியே யோசித்தார். அய்யாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கே அய்யாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அய்யாவே போன பிறகு ஞாபகத்துக்கு இங்கே என்ன வேலை?

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இவுகதான் ஆமத்தூர் வார்டு வேட்பாளர். தாய்க்குலத்துக்கு அய்யா குடுக்க மரியாத இது. அப்படியே எழுதிக்கோங்க."

ஒரே கைதட்டல். அய்யா தன் நாற்காலியில் உட்கார்ந்து பொன்னாடையைத் தடவிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து அன்பாகக் கேட்டார்.

"எந்த வார்டும்மா?"

மறுநாள் காலை சபரிநாதன் எரிச்சலோடு தன் பிரஸ்ஸுக்குள் நுழைந்தார். கட்டிங் மெஷின் பக்கம் போன வாரமே அச்சடித்துக் கட்டி வைத்த போஸ்டர்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் அவர் மனைவி கைகூப்பிக்கொண்டிருந்தார். 'ஆமத்தூர் வார்டு, உங்கள் வேட்பாளர்.'

அதைக் கட்டி வைத்தவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஆறு வருடமாக நிற்கிற அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, இந்தக் கட்ட எல்லாம் தூக்கி ஓரமாப் போடு."

அவள் நகரவில்லை. சபரிநாதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"ஆமத்தூர் வார்டு, மொதலாளி" என்றாள் பானுப்பிரியா, முதல் முறை சொல்வதுபோல.